சூமாதாங் வெந்நீர் ஊற்று, சோ மோரிரி ஏரி: ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியில் ஆறு நாள் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஆகஸ்ட் முதல் வாரம், நான்கு பேர். இரண்டு பேர் கோவையிலிருந்து டீசல் எஸ்.யு.வி.யை ஓட்டிக்கொண்டு ஸ்ரீநகர் வழியாக லடாக்கின் லே போகிறீர்கள். மற்ற இருவர் விமானத்தில் வந்து லேயில் சேர்ந்துகொள்கிறார்கள். அங்கிருந்து கையில் ஆறு நாள். லேயில் ஒரே ஒரு இரவு தங்கி, மறுநாளே நேராகச் சோ மோரிரி போய் ஏரிக்கரையில் டென்ட் போட்டு, திரும்பும் வழியில் புகா, சூமாதாங் வெந்நீர் ஊற்றுகளில் குளித்துவிட்டு வரலாமா? வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் இல்லை, அது போதுமா? வண்டிக்கான பதில் சுலபம்: போதும். எனக்குக் கவலை தருவது விமானத்தில் வரும் இருவரும், நீங்கள் போட்டிருக்கும் ஊர் வரிசையும்தான். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோ மோரிரிக் கரையில் இருக்கும் கோர்சோக் கிராமம் 4,500 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 57 சதவீதம்தான். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே விகிதத்தில் குறையும். மலை மருத்துவத்தில் பரவலாக ஒப்புக்கொண்ட விதி ஒன்று உண்டு: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பகலில் எவ்வளவு உயரக் கணவாயைக் கடந்தாலும், இரவு எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் திட்டத்தில் விமானத்தில் வருபவர்கள் முதல் நாள் காலை சமவெளியிலும், அன்று இரவு 3,500-லும், அடுத்த இரவு 4,500-லும் இருப்பார்கள். காரில் வருபவர்கள் ஸ்ரீநகர், கார்கில், லே என்று படிப்படியாக ஏறி வந்திருப்பதால் நன்றாகவே இருப்பீர்கள். ஆபத்தே அதில்தான். நன்றாக இருப்பவர்கள் கிளம்பலாம் என்பார்கள், தலைவலியோடு இருப்பவர் நான்கு பேர் பயணத்தைக் கெடுக்க வேண்டாமென்று வாயைத் திறக்க மாட்டார். கடைசியாக உயரத்துக்கு வந்து சேர்ந்தவரின் உடலை வைத்துத்தான் மொத்தக் குழுவின் நாட்கணக்கைப் போட வேண்டும்.

கோர்சோக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரே வைத்தியம் கீழே இறங்குவது. ஆனால் சோ மோரிரியிலிருந்து வண்டிப் பாதை எதுவும் நேராகக் கீழே இறங்காது. சிந்து நதிப் பள்ளத்தாக்குக்கு வர வேண்டுமானால் முதலில் 4,800 மீட்டருக்கு மேலுள்ள நமஷாங் லா கணவாயில் ஏறி, பிறகுதான் சும்டோ, மாஹே என்று இறங்க முடியும். (லா என்றால் கணவாய், சோ என்றால் ஏரி, இனி வரும் பெயர்களுக்கு இது உதவும்.) இரவு 2 மணிக்கு ஒருவருக்கு மூச்சு இளைத்தால், மூச்சு இளைப்பவரோடு மேலும் 300 மீட்டர் ஏறித்தான் அவரைக் காப்பாற்ற முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே கோர்சோக்கை முதல் நிறுத்தமாக வைப்பது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

இங்கேதான் வெந்நீர் ஊற்று உதவிக்கு வருகிறது. சூமாதாங் சுமார் 4,000 மீட்டரில், சிந்து நதிக் கரையிலேயே இருக்கிறது. லேயிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். லே 3,500, சூமாதாங் 4,000, கோர்சோக் 4,500 என்று பாருங்கள்: அந்த 500 மீட்டர் விதிக்கு அளந்து வைத்த மாதிரி நடுப்படியாக அமைந்திருக்கிறது. ஆகவே உங்கள் வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். முதல் இரண்டு இரவு லேயில். முதல் நாள் அறையை விட்டு நகராமல் ஓய்வு, இரண்டாம் நாள் ஊருக்குள் மெதுவாக நடை. கர்துங் லாவுக்கு ஓர் எட்டு போய்விட்டு வரலாம் என்ற ஆசையே வேண்டாம். மூன்றாம் இரவு சூமாதாங். நான்காம் நாள் விடிந்ததும் கிளம்பிப் புகாவைப் பார்த்துவிட்டுக் கோர்சோக்கில் இரவு. ஐந்தாம் நாள் போலோகோங்கா லா, சோ கர், டாங்லாங் லா வழியாக லே. ஆறாம் நாளைக் காலியாக வையுங்கள். பாதை அடைபட்டாலோ வண்டி படுத்தாலோ அது தேவைப்படும். விமானத்தில் வருபவர்களின் திரும்பும் டிக்கெட் ஏழாம் நாள் காலைக்கு இருக்கட்டும்.

உடம்பு விஷயத்தில் எது சாதாரணம், எது அபாயம் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது எல்லாம் பலருக்கும் வரும். பாராசிட்டமால் போட்டு, தண்ணீர் குடித்து, அதே உயரத்தில் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். அடங்காமல் மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரைத்த சளி இவை நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதற்கு அடையாளம். பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், அர்த்தமில்லாத பதில் இவை மூளை வீக்கத்தின் அடையாளம். இதற்கு ஒரு சோதனை: தரையில் நேர்கோடு ஒன்று போட்டு, குதிகாலுக்கு முன் விரலை ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். 4,500 மீட்டரில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 80-களில்தான் காட்டும்; குளிர்ந்த விரலில் இன்னும் தப்பாகக் காட்டும். லே கடைகளில் விற்கும் கையடக்க ஆக்ஸிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அது சிகிச்சை ஆகாது. டயமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மில்லிகிராம் வீதம் காலை, இரவு என்று எடுப்பது வழக்கமான தடுப்பு முறை. விரல் நுனி மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். உங்களில் யாருக்கு அது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் கேட்காமல் கிளம்பவே கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் அந்த உயரத்தில் சுவாசத்தை மந்தமாக்கும், இரண்டையும் லேயிலேயே விட்டுவிடுங்கள்.

இனி ஊற்றுகள். சூமாதாங்கில் வெந்நீர் சிந்து நதிக் கரையின் கூழாங்கற்களுக்கு இடையிலிருந்தே கொப்பளித்து வருகிறது. வரும் இடத்தில் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கற்களின் மேல் வெள்ளையும் துருநிறமுமாகப் படலம் படிந்திருக்கும், ஓரடி தள்ளி ஆறு பனிநீராக ஓடும். கோடை தொடக்கத்திலும் செப்டம்பரிலும் ஆறு இறங்கியிருக்கும்போது, வெந்நீரும் ஆற்று நீரும் கலக்கும் சிறு குழிகள் கரையோரத்தில் கிடைக்கும். நீங்கள் போகும் ஆகஸ்ட்டில் பனி உருகி ஆறு பெருகியிருக்கும், கரைக்குழிகள் பெரும்பாலும் முழுகிவிடும். அந்தச் சமயத்தில் ஆற்றோரம் குளிக்க முயல வேண்டாம். அந்த இழுப்பில் கால் வழுக்கினால் நீச்சல் தெரிந்தவருக்கும் கரை சேர்வது கடினம். ஊருக்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு வெந்நீரைத் தண்ணீர் கலந்து கொடுக்கும் குளியலறைகள் உண்டு, அவை போதும்.

குளிக்கும் நீரின் சூடு 38-லிருந்து 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கட்டாயம் எடுத்துப் போங்கள். கையை விட்டுப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். குளிரில் விறைத்த விரல் சூட்டைச் சரியாக உணராது. இதமாக இருக்கிறது என்று இறங்கியபின் இடுப்புத் தோல் சொல்லும். 60 டிகிரி நீரில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துபோகும், 50 டிகிரி என்றால் சில நிமிடங்கள். பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அதற்குமேல் போனால் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், ஏற்கெனவே ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் எழுந்து நின்றவுடன் கண் இருட்டிக்கொண்டு வரும். வெளியே வரும்போது முதலில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து, ஒருவர் பக்கத்தில் நிற்க எழுந்திருங்கள். முன்னும் பின்னும் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். தலையை முழுக்க வேண்டாம், மூக்குக்குள் நீர் போகவும் வேண்டாம். கேரளத்தில் நாம் செய்திகளில் படிக்கும் மூளையைத் தாக்கும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் உயிரி. இந்த ஊற்றில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, எந்த வெந்நீர்க் குளத்திலும் கடைப்பிடிக்க வேண்டிய பழக்கம் இது. வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாம் கழற்றி வையுங்கள், கந்தக நீர் பட்டால் கறுத்துவிடும். சோப்பு, ஷாம்பு வேண்டாம், அந்த நீர் நேராகச் சிந்துவுக்குத்தான் போகிறது. மொண்டு குடிக்கவும் வேண்டாம்.

புகா வேறு மாதிரி இடம். அதைப் பார்ப்பதற்கான இடமாக வைத்துக்கொள்ளுங்கள், குளியலைச் சூமாதாங்கோடு முடித்துவிடுங்கள். மாஹே பாலத்தைக் கடந்து சும்டோவில் வலப்பக்கம் திரும்பினால் வரும் அகலமான பள்ளத்தாக்கு அது, உயரம் சுமார் 4,400 மீட்டர். ஊற்று நீரின் சூடு 84 டிகிரி வரை போகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 85 டிகிரியை ஒட்டித்தான், ஆகவே அங்கே வெளிவருவது கொதிநீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தரையெங்கும் வெண்காரம் உப்புப் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும், ஆங்காங்கே கந்தகத்தின் மஞ்சள். ஆவி சீறும் துளைகளுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைத் தரை கெட்டியாகத் தெரிந்தாலும் சில இடங்களில் மெல்லிய ஓடுதான், கீழே கொதிக்கும் சேறு. ஆவி வரும் இடத்துக்குச் சில மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஆடு, குதிரை நடந்த தடத்தில் மட்டும் கால் வையுங்கள். ஊரை ஒட்டிய புல்வெளியில் வண்டியை இறக்க வேண்டாம், அதில் பாதி சதுப்பு. இந்தியாவில் புவிவெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கப் பல பத்தாண்டுகளாகப் பேசப்படும் முதன்மையான இடம் இதுதான். 2021-ல் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் லடாக் நிர்வாகத்தோடும் லே மலைக் கவுன்சிலோடும் ஒரு மெகாவாட் மாதிரித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அதனால் துளைக்கிணறுகளும் குழாய்களும் கண்ணில் படலாம். அவற்றின் வால்வுகளைத் தொடாதீர்கள். காலை எட்டரைக்குள் போய்ச் சேர்ந்தால், குளிர்ந்த காற்றில் பள்ளத்தாக்கு முழுவதும் ஆவி எழுவது தெரியும். வெயில் ஏறியபின் போனால் பாதிக்கூடத் தெரியாது. இதற்காகத்தான் சூமாதாங்கிலிருந்து விடிந்ததும் கிளம்பச் சொன்னேன்.

இப்போது வண்டி. லேயிலிருந்து காரு, உப்ஷி, சூமாதாங், மாஹே வரை ராணுவப் போக்குவரத்து உள்ள தார் ரோடு. மாஹேக்குப் பிறகு சில இடங்களில் தார், சில இடங்களில் சரளை. கோர்சோக்கை நெருங்கும் ஏரிக்கரைப் பகுதியும், போலோகோங்கா லாவைக் கடந்து சோ கர் இறங்கும் பகுதியும் மண்ணும் சரளையும் கலந்தவை. எந்த ஆண்டு எந்தப் பகுதியில் தார் போட்டிருப்பார்கள், எது பெயர்ந்திருக்கும் என்பது கோடைக்குக் கோடை மாறும், அதை லே டாக்ஸி ஓட்டுநரிடம் முந்தைய நாள் கேட்பதுதான் நம்பகமான வழி. காய்ந்த நாளில் இந்தப் பாதைக்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. அடிப்பகுதிக்கும் தரைக்கும் 180 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி, பாதிக்கு மேல் பட்டன் மிச்சமுள்ள நல்ல டயர், பழுதில்லாத கிளட்ச் இந்த மூன்றும் வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் உள்ள வண்டிகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அது இருக்கிறது என்ற தைரியத்தில் பாதையை விட்டு இறங்கும்போதுதான்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி 4,500 மீட்டரில் ஏறக்குறைய 40 சதவீத சக்தியை இழக்கும். உங்களுடையது டர்போ டீசல் என்பதால் அவ்வளவு இழக்காது. ஆனால் ஆர்.பி.எம். 1,800-க்குக் கீழே இறங்கினால் வண்டி செத்ததுபோல் நிற்கும். அந்த இடத்தில்தான் பலர் அரை கிளட்ச்சில் உறுமவைத்து ஏற்றப் பார்ப்பார்கள், கிளட்ச் கருகும். ஏற்றத்தில் வேகம் குறைவதற்கு முன்பே முதல் கியருக்கு வந்து, கிளட்ச்சிலிருந்து காலை முழுதாக எடுத்து, 2,000-க்கு மேல் வைத்து ஏறுங்கள். கருகல் வாடை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடியில் இறங்குங்கள்.

டயர் காற்றைப் பற்றி ஒரு விளக்கம், இது பலருக்குக் குழப்பம். கோவையில் 33 பி.எஸ்.ஐ. அடைத்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் 4,500 மீட்டரில் அதே வெப்பநிலையில் கேஜ் 38-ஐ ஒட்டிக் காட்டும். ஆனால் அங்கே காலையில் 5 டிகிரி குளிர், அது நான்கு பி.எஸ்.ஐ. வரை குறைத்துவிடும். ஆகக் காலையில் சரியாகவே காட்டும், மதியம் வெயிலில் கல் மேல் ஓடும்போது எகிறிவிடும். கல்லாக இறுகிய டயர் கூர்மையான கல்லில் எளிதில் கிழியும். லேயில் காலைக் குளிரில், வண்டி ஓடுவதற்கு முன் அளந்து சரிசெய்யுங்கள். நீளமான சரளைப் பகுதியில் 26 வரை இறக்கலாம். மணலில் சிக்கினால் 18 வரை இறக்கி வெளியே வந்ததும் மறுபடி அடைக்க வேண்டும். அதனால் 12 வோல்ட் காற்று பம்ப் கட்டாயம். ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டில் குறைந்தது பத்துத் திரிகள் இருக்கட்டும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் திரி உதவாது. ஒரு ஸ்டெப்னியோடு, உங்கள் டயர் அளவுக்கான ட்யூப் ஒன்றும், உள்ளே வைத்து ஒட்டப் பழைய டயர் துண்டு ஒன்றும் எடுத்துப் போனால் கிராமத்து ஆட்களின் உதவியோடு ஊர் வந்து சேரலாம்.

அலை அலையாக வரியோடிய மண் ரோட்டில் வண்டி மணிக்கணக்கில் அதிரும்போது போல்ட்டுகள் கழலும். பேட்டரி கிளாம்ப், பேட்டரி டெர்மினல், ரூஃப் கேரியர், அடித்தகடு, நம்பர் பிளேட் இந்த ஐந்தையும் தினமும் மாலை 10, 12, 13 எண் ஸ்பேனர்களால் முடுக்குங்கள். திடீரென்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பதறுபவர்களில் பாதிப் பேருக்கு டெர்மினல் கழன்றிருப்பதுதான் காரணமாக இருக்கும். ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க ஓரடிச் சதுரப் பலகை, மண்வெட்டி, இழுக்கும் பட்டையும் ஷேக்கிளும், இன்ஜின் ஆயில் ஒரு லிட்டர், கூலன்ட் ஒரு லிட்டர், ஃபியூஸ்கள். வண்டியை இழுக்கும்போது பட்டையை பம்பரில் மாட்டக்கூடாது, இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பட்டை அறுந்தால் சுழன்று அடிக்கும், பட்டையின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி ஆட்கள் நிற்க வேண்டும். டி.பி.எஃப். எனப்படும் புகைவடிகட்டி உள்ள டீசல் வண்டி என்றால், மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தால் அது அடைத்து விளக்கு எரியும். லே நெருங்கும் நல்ல ரோட்டில் இருபது நிமிடம் 2,000-க்கு மேல் நிலையாக ஓட்டினால் பெரும்பாலும் தானே சுத்தமாகிவிடும்.

எரிபொருளுக்குக் காருவில் நிரப்புவதைக் கடைசி நிரப்பு என்று கணக்கு வையுங்கள், அது லேயிலிருந்து 35 கிலோமீட்டர். இந்தச் சுற்று மொத்தம் ஏறக்குறைய 490 கிலோமீட்டர், காருவிலிருந்து எண்ணினால் 455. சமவெளியில் லிட்டருக்கு 12 கொடுக்கும் வண்டி அங்கே 9 கொடுத்தால் நல்லது. 50 லிட்டர் ஆகிறது. டேங்க் 57 லிட்டர் என்றால் ஏழு லிட்டர்தான் மிச்சம், நோயாளியோடு திரும்பி வர நேர்ந்தால் போதாது. பத்து லிட்டர் இரும்புக் கேனில் கூடுதலாக எடுத்துப் போங்கள். கேனை விளிம்புவரை நிரப்பாதீர்கள். உயரத்தில் உள்ளே அழுத்தம் கூடியிருக்கும், இன்ஜினை அணைத்துவிட்டு மூடியை மெதுவாகத் திருகி முதலில் காற்றை வெளியேற விடுங்கள்.

ஆகஸ்ட்டில் பாதையைக் குறுக்கே வெட்டும் ஓடைகள் மதியத்துக்குமேல் பெருகும், ஏனென்றால் அன்றைய வெயிலில் உருகிய பனி வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். காலை பத்துக்குள் கடப்பது வழக்கம். நீரின் ஆழம் தெரியாவிட்டால் ஒருவர் கோலோடு நடந்து பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மேல் இழுப்போடு ஓடினால் காத்திருங்கள். முதல் கியரில், நிறுத்தாமல், கியர் மாற்றாமல், சீரான வேகத்தில் கடந்து, அக்கரையில் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து உலர்த்துங்கள். நடுவில் இன்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்றுக்குழாய் வழியாக நீர் உள்ளே போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதை அங்கே யாராலும் சரிசெய்ய முடியாது.

சோ கரில் கவனம் வேறு விதம். அது கடுமையான உப்பு ஏரி. சாங்பா மேய்ச்சல் மக்கள் தலைமுறைகளாக உப்பு எடுத்த இடம். ஏரி வற்றி விலகிய கரை வெள்ளையாக, மட்டமாக, கிரிக்கெட் மைதானம்போல் தெரியும். மேலே இரண்டு அங்குல உப்போடு, அடியில் களிச்சேறு. அச்சுவரை இறங்கிய வண்டியை வெளியே எடுக்க ஒரு நாள் போய்விடும். ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு ஓரடிகூட இறங்காதீர்கள். இது உங்கள் வண்டிக்காக மட்டும் சொல்வதல்ல. சோ மோரிரி 2002-லும் சோ கர் 2020-லும் ராம்சார் எனும் சர்வதேச உடன்படிக்கையின்கீழ் முக்கிய ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. கருங்கழுத்துக் கொக்கு இந்தியாவில் குஞ்சு பொரிக்கும் மிகச் சில இடங்களில் இவை முக்கியமானவை. வரித்தலை வாத்தும் இங்கேதான் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் கூந்தன்குளம்வரை நம் ஊர்ப் பக்கம் வருகிறது. ஆகஸ்ட்டில் குஞ்சுகள் இன்னும் பறக்கத் தெரியாமல் கரையில் நடந்துகொண்டிருக்கும். இருநூறு மீட்டர் தள்ளியே நின்று பைனாகுலரில் பாருங்கள். கியாங் எனும் காட்டுக் கழுதைக் கூட்டம் வண்டிக்கு இணையாக ஓடினால் வேகத்தைக் கூட்டாமல் நிறுத்துங்கள். அந்த உயரத்தில் துரத்தலில் இளைத்த சினைக்கழுதைக்கு அது உயிர்ப் பிரச்சினை. மிச்சச் சோற்றை நாய்களுக்குப் போடாதீர்கள். பயணிகளின் எச்சில் உணவில் பெருகிய தெருநாய்கள் கொக்கு முட்டையையும் குஞ்சையும் தின்பது இன்று இந்த ஏரிகள் இருக்கும் சாங்தாங் பீடபூமி முழுவதும் பெரிய துயரமாகியிருக்கிறது.

அதே காரணத்தால் ஏரிக்கரையில் டென்ட் போட அனுமதி கிடையாது. கோர்சோக் கிராமத்து ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். பணம் ஊர்க் குடும்பத்துக்குப் போகும், இரவு காற்றுக்குச் சுவர் இருக்கும். ஆகஸ்ட்டிலும் விடியற்காலையில் பூஜ்ஜியத்தை ஒட்டிக் குளிரும். சொந்தமாகச் சமைப்பதாக இருந்தால் குக்கர் இல்லாமல் போகாதீர்கள். தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாமல் நறுக்கென்றே நிற்கும், துவரம் பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

போன் விஷயத்தில், வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் இருவரிடமாவது வெவ்வேறு நிறுவனங்களின் போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். இருந்தாலும் மாஹேக்குப் பிறகு சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். சாட்டிலைட் போனையோ, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியையோ அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் பயன்படுத்துவது குற்றம்; வெளிநாட்டிலிருந்து நண்பர் தருகிறார் என்று வாங்கிவராதீர்கள். கிளம்பும் முன் பாதையையும் திரும்பும் நேரத்தையும் லே விடுதிக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வழியில் ராணுவ முகாம்கள் உண்டு, அவசரத்தில் தயங்காமல் போய்க் கேட்கலாம். முகாம்களையும் மாஹே பாலத்தையும் படம் எடுக்கக்கூடாது. லேக்குப் பிறகு ஏ.டி.எம்.மை நம்ப வேண்டாம், ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். சுற்றுச்சூழல் கட்டணம் கட்டிய அனுமதிச் சீட்டை ஐந்து பிரதி எடுத்து வையுங்கள். விதியும் தொகையும் அவ்வப்போது மாறுவதால் லே நிர்வாகத்தின் அறிவிப்பைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உறவினர் யாராவது சேர்ந்துகொண்டால், ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை இருந்தாலும் அவர்களுக்குத் தனி அனுமதி தேவை, அதை லேயில் பதிவுபெற்ற பயண முகவர் மூலமாகத்தான் எடுக்க முடியும்.

வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வெளியூரிலிருந்து வாடகைக்கு எடுத்த செல்ஃப் டிரைவ் வண்டியை லடாக் சுற்றுலா இடங்களுக்குள் உள்ளூர் டாக்ஸிச் சங்கத்தினர் விடுவதில்லை.

விமானம் தாமதமாகி ஒரு நாள் குறைந்தால் லேயின் இரண்டு இரவையும் சூமாதாங் இரவையும் தொடாதீர்கள். சோ கரை விட்டுவிட்டு, கோர்சோக்கிலிருந்து வந்த வழியே மாஹே, உப்ஷி என்று திரும்புங்கள். 5,300 மீட்டருக்கு மேலுள்ள டாங்லாங் லாவையும் தவிர்த்த மாதிரி ஆகும். இரண்டு நாள் குறைந்தால் கோர்சோக்கையும் விடுங்கள்: சூமாதாங்கில் தங்கி, காலையில் புகா போய், முடிந்தால் பகலிலேயே கியாகர் சோ வரை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். நமஷாங் லாவைத் தாண்டியதும் வரும் சின்ன நீல ஏரி அது, கூட்டமும் குறைவு.